நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய்

மகனே,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துப் பசை தேடாதே. நான் சொன்ன பொய் ஒன்று முத்தியால்பேட்டை முழுக்கத் திறந்தே கிடந்தது. அதைத் திருத்துகிற காகிதமும் திறந்தே இருக்கட்டும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற கௌரி படிக்கலாம், அவளுடைய அப்பா அம்மா படிக்கலாம். எதிர்வீட்டில் யாராவது கேட்டால் நீயே படித்துக் காட்டலாம்.

நேற்றுக் காலை சேதராப்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில், பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாய். முதல் வரியில் உன் அப்பாவின் தங்கை அம்சா பெயரையும் அவள் கணவர் பெயரையும் எழுதியிருந்தேன். நின்றபடியே பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டாய். நேரான கோடு. ஸ்கேல் இல்லாமல் நேராகக் கோடு போட உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். "அப்ப மூணாவது முடிச்சு யார் போடறது? உனக்குக் கூடப் பொறந்தவ இல்ல, அத்தைதான் போடணும்" என்றேன். "ஐயர் பொண்டாட்டி வேணா போடட்டும்" என்றாய். பிறகு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டே சொன்னாய்: "நாலு வருஷம் என்னை இரவல் வாங்கி வெச்சிருந்துட்டு, பிரான்சுக்குப் போறப்ப பாரம்னு திருப்பிக் கொடுத்துட்டுப் போனவங்கம்மா அவங்க. அந்தக் கை எதுக்கு என் கல்யாணத்துல?"

நீ தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். அந்த வாக்கியத்தில் இரண்டு தப்புகள் இருந்தன. பிறர் பேசும்போது ஒரு தப்பு வந்தாலே நடுவில் மறித்துத் திருத்துகிறவள் நான், உனக்குத் தெரியும். நேற்று நான் வாயைத் திறக்கவில்லை. காரணம், அந்த இரண்டு தப்புகளையும் உனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் முகம் மாறுவதைப் பார்த்தால் நான் எங்காவது ஒரு சொல்லை மாற்றிப் போட்டுவிடுவேன். எனக்குப் பொய் அப்படித்தான் வரும். முழு வாக்கியமாக வராது, ஒரே ஒரு சொல்லாக வரும். எழுதினால் நானே திரும்பப் படித்துச் சரிபார்க்க முடியும். இது நான் திருத்தி எழுதிய மூன்றாவது படி.

நான் படித்த காலத்தில் இது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். கான்வென்ட்டில் காலையில் பிரெஞ்சு, மதியத்தில் இங்கிலீஷ். தமிழ் பேசினால் மண்டியிட வேண்டும். இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மதர் ஒருநாள் என் கையிலிருந்து பென்சிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இப்போது நான் பாரோ செய்தேன், இவள் லெண்ட் செய்தாள் என்றார். பென்சில் ஒன்றுதான், அது போன தூரமும் ஒன்றுதான், யார் பக்கத்திலிருந்து பேசுகிறோமோ அதற்கேற்ற சொல்லைப் போட வேண்டும் என்றார். மாற்றிச் சொன்ன பெண் வகுப்பு முடியும்வரை நின்றாள். அந்தப் பெண் நான். அதற்குப் பிறகு வாழ்நாளில் நான் அந்த இரண்டு சொற்களை மாற்றிச் சொன்னதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் பேசிய இங்கிலீஷை வீட்டில் வந்து சொல்லிக்காட்டினாய். "ப்ளீஸ் பாரோ மீ யுவர் ரப்பர்." நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். "யார்கிட்ட அப்படிக் கேட்ட?" என்றேன். "பக்கத்து பெஞ்சுப் பையன்கிட்ட" என்றாய். உன் அப்பா மில்லிலிருந்து வந்து, தலையில் பஞ்சுத் துகளோடு ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார். "கொடுத்தானாடா?" என்று கேட்டார். "கொடுத்துட்டான்பா." அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. "தப்பாக் கேட்டவனுக்கு ரப்பர் கெடச்சுது. சரியாவே பேசற உங்கம்மாவுக்குப் பாரு, நான் கெடச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பென்சிலை எடுத்து, மதர் செய்ததைப் போலவே கொடுத்தும் வாங்கியும் காட்டினேன். நீ கவனமாகப் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டாய்: "கொடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அப்ப பென்சிலுக்கு என்னா வார்த்தை?" பென்சிலுக்கு வார்த்தை கிடையாது என்றேன். ஏன் என்றாய். அது பேசாது என்றேன். பிறகு இரண்டு சொற்களையும் ஐம்பது முறை எழுதவைத்தேன். உன் அப்பா, "புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லாம எழுதச் சொல்றியே" என்றார். அவர் என்னைத் திருத்திய சில தருணங்களில் அது ஒன்று. நான் பொருட்படுத்தவில்லை.

அதற்கடுத்த வருஷம் அவர் போனார். மஞ்சள் காமாலை, பதினோரு நாள். நான் அழவில்லை. கான்வென்ட்டில் படித்தவள், பெருமைக்காரி, அழமாட்டாள் என்று கூடத்திலேயே பேசிக்கொண்டார்கள். பெருமை காரணமில்லை. அழுகை இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. மில் சங்கு ஊதினால் அது எதற்கு என்று யோசிக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டேனா இல்லையா என்று பாத்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு மாதத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஆசிரியையாக வேலை கிடைத்தது. ஒழுங்காகப் போனேன், ஒழுங்காகப் பாடம் நடத்தினேன். யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. சோற்றுக்கு வழியில்லாமல் அம்மா நம்மை அனுப்பினாள் என்று இப்போதே நீ எனக்காக ஒரு காரணம் தேட ஆரம்பித்திருப்பாய். தேடாதே. சோறு இருந்தது.

நீ பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைப்பாய். அது உன் அப்பாவின் பழக்கம். அவர் போனபிறகு அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் திரும்புவேன், நீ நின்றிருப்பாய். அப்போது எனக்குக் கோபம் வராது, துக்கமும் வராது. எதிரே ஒரு பையன் நிற்கிறான் என்பது மட்டும் தெரியும். ஒருநாள் நீ காய்ச்சலாகப் படுத்திருந்தாய். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உனக்குச் சுடும் என்று தெரியும், தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். கை போகவில்லை. சாயங்காலம் எதிர்வீட்டம்மா கஞ்சியோடு வந்து உன் நெற்றியில் கை வைத்து, "ஐயோ டீச்சரம்மா, அனலாக் கொதிக்குதே, பக்கத்துலயே இருந்தும் பாக்கலியா?" என்றார். முப்பத்திரண்டு தாள் திருத்தியிருந்தேன். எல்லாம் சரியாகத் திருத்தியிருந்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு காலையில் உனக்குத் துவைத்த சட்டை போட்டு, ஒரு பையில் துணி எடுத்து, ரிக்‌ஷாவில் ஏற்றி, பெரிய வாய்க்காலைத் தாண்டி அம்சா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அதனால் தெருவில் அதற்குச் சொல்தா வீடு என்று பெயர். உன்னைப் பார்த்ததும் அவர் சவர நுரையோடு எழுந்து நின்று சல்யூட் வைத்து, பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். "பொன்ழூர் முசியே! வா, மாடியில கப்பல் தெரியுது." நீ சிரித்துக்கொண்டே அவர் பின்னால் ஓடினாய். அம்சா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். இத்தனை வருஷமும் எனக்கு அது மறக்கவில்லை.

"அம்சா, இவனைக் கொஞ்ச நாள் வெச்சிக்கோ."

"லீவு விட்டுட்டாங்களா அண்ணி?"

"லீவு இல்ல. இங்கருந்தே பள்ளிக்கூடம் போகட்டும்."

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்னாத்துக்கு? அண்ணன் போயி வருஷம் கூடத் திரும்பல. புள்ளைய இங்க விட்டுட்டு நீங்க ஒண்டியா என்னா பண்ணுவீங்க? வேணாம் அண்ணி. ரெண்டு பேருமா வந்துடுங்க, மாடி சும்மாதான் கெடக்குது."

"நான் வரமாட்டேன். இவனை மட்டும் இரவலா வெச்சிக்கோ. நானே வந்து கூட்டிக்கினு போறேன்."

அம்சா முறத்தைக் கீழே வைத்தாள். "புள்ள என்னா அண்ணி, அரிவாமணையா, இரவல் வாங்கறதுக்கு? நான் கேக்கவே இல்லியே."

நான் கேக்கவே இல்லியே. இந்த மூன்று சொற்களை நீ ஒருமுறை நிறுத்திப் படி. கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகப் பிள்ளை இல்லாதவள் அவள். கேட்டிருக்க அவளுக்கு எத்தனையோ காரணம் இருந்தது. அவள் கேட்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். மாடியில் உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் ஏறி வந்து உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ரிக்‌ஷாக்காரரைக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன்.

பொய் இரண்டு நாள் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் ஆரம்பித்தது. வழக்கமாகக் கீரை கொடுக்கிற அம்மா, "ஒரு கட்டு போதுமா டீச்சரம்மா? புள்ள எங்க?" என்றாள். நாத்தனார் வீட்டில் என்றேன். "இருக்கறதே ஒண்ணு, அதையும் தூக்கிக் குடுத்துட்டியா?" என்றாள் சத்தமாக. பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பினார்கள். நான், "இரவலாப் போயிருக்கான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவளே சொல்லிக்கொண்டாள்: "ஓ, கேட்டாங்களா? புள்ள இல்லாதவங்க கேக்கத்தான் செய்வாங்க. உனக்குப் பெரிய மனசு." நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கீரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைப் பற்றி யோசித்தேன். இரவல் என்பது இரப்பதிலிருந்து வந்த சொல். யாராவது கேட்டிருந்தால்தான் அது இரவல். ஆனால் இரவலாகப் போயிருக்கிறான் என்று சொல்லும்போது, கேட்டது யார், கொடுத்தது யார் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. எதிரே நிற்பவர் தாமாகவே ஒருவரைக் கேட்டவராக ஆக்கிக்கொள்வார். லெண்ட் என்ற சொல்லும் பாரோ என்ற சொல்லும் அந்த வசதியைத் தராது. எழுவாய் கேட்கும். முத்தியால்பேட்டையில் யாரும் என்னிடம் எழுவாய் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அம்சாதான் கேட்டாள், அம்சாதான் பறித்துக்கொண்டாள் என்று ஆகிவிட்டது.

அவள் என்னைத் தேடி வந்தாள். "அண்ணி, அண்ணன் செத்த வீட்டுல புள்ளையப் புடுங்கிக்கினு போயிட்டேன்னு மார்க்கெட்ல பேசறாங்க. மீன் வாங்கப் போனா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க." அப்படியே இருக்கட்டும் அம்சா என்றேன். "உங்களுக்கு அது நல்லதுன்னா இருக்கட்டும் அண்ணி" என்றாள். நான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் மறுத்துப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா உன்னைக் கொண்டுவந்து விடுவார். நான் உன் நோட்டுகளைப் பார்ப்பேன். உனக்கும் எனக்கும் நடுவில் அப்போது இருந்தது அந்த நோட்டுகள்தான். பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு முன்னால் ரஃப் நோட்டில் எழுதி என்னிடம் காட்ட வேண்டும், நான் பத்துக்கு மார்க் போடுவேன். ஒரு ஞாயிறு, பத்துச் சொற்களை வைத்துப் பத்து வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தாய். ஏழாவது சொல் லெண்ட். நீ எழுதியிருந்தது இது: மை மதர் லெண்ட் மீ டு மை ஆண்ட்.

இலக்கணத்தில் பிழை இல்லை, இறந்தகாலம்கூடச் சரி. எழுத்தில் பிழை இல்லை. பொருளில் பிழை இல்லை. அம்மா என்னை அத்தையிடம் கொடுத்துவைத்தாள். உண்மையும் அதுதான். நான் சிவப்புப் பென்சிலை எடுத்து அதை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: மை ஆண்ட் பாரோட் மீ ஃப்ரம் மை மதர்.

"இதுல என்னா தப்பு?" என்றாய்.

"அத்தை உன்னைக் கேட்டாங்க. கேட்டு வாங்கினா எந்த வார்த்தை?"

"பாரோ. ஆனா ஏழாவது வார்த்தை லெண்டும்மா."

"அதுக்கு வேற வாக்கியம் எழுது."

நீ தொண்டையைக் கனைத்தாய். "அத்தை மாமாகிட்ட சொன்னாங்க, நான் கேட்டேன். அண்ணிதான் கொண்டாந்து விட்டாங்கன்னு சொன்னாங்க."

"நீ தப்பாக் கேட்டிருப்ப."

நீ வேறு வாக்கியம் எழுதினாய். உன் நண்பனுக்குக் குடை லெண்ட் செய்ததாக. நான் பத்துக்கு ஒன்பது போட்டேன். முதல் வாக்கியம் தப்பு என்பதற்காக ஒன்று குறைத்தேன். இருபது வருஷம் நோட்டு திருத்தியிருக்கிறேன். சரியாக எழுதிய ஒன்றைத் தெரிந்தே தப்பு என்று அடித்தது அந்த ஒருமுறைதான். அன்று நீ கிளம்பும்போது அத்தைமேல் கோபமாகப் போனாய். அதன்பிறகு அவள் கையால் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டாய் என்று மாமா என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது தப்புக்கு வருகிறேன். உனக்குப் பதின்மூன்று வயதானபோது, மாமாவின் அண்ணன் கூப்பிட்டார் என்று அவர்கள் பிரான்சில் போய்த் தங்க முடிவுசெய்தார்கள். அம்சா தனியாக வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், தரையில் உட்கார்ந்தாள். "அண்ணி, அன்னிக்கு நான் கேக்கல. இப்பக் கேக்கறேன். அவனை எங்ககூட அனுப்புங்க. நாலு வருஷமா அவன் இல்லாம நான் ஒரு வேளை சோறு தின்னதில்ல. இந்தக் காகிதத்துல நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். வருஷா வருஷம் நானே கூட்டிக்கினு வந்து காட்டறேன்." காகிதம் பிரெஞ்சில் இருந்தது. நான் முழுதும் படித்தேன். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது, அதைக்கூட அவளிடம் காட்டினேன். பிறகு, "இரவல் கொடுத்த பொருளைக் கடல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது அம்சா" என்றேன்.

பொருள் என்று சொன்னேன். அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் உன்னைத் திரும்ப அழைத்தது பாசம் வந்ததால் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. ஒரே பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டாள் என்று மார்க்கெட்டில் பேசுவார்களே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. நீ டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி ஏன் என்று கேட்டாய். "அவங்க பிரான்சுக்குப் போறாங்க. உன்னைக் கூட்டிக்கினு போக முடியாதாம்" என்றேன். முடியாதாம். அந்த ஒரு விகுதிதான் பொய். அதில் என் பெயர் போய்விட்டது, அவர்கள் பெயர் வந்துவிட்டது.

பாசம் பிறகு வந்தது. எந்த நாள் என்று தெரியாது. நீ பத்தாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம் மழையில் தொப்பலாக நனைந்து வந்தாய். நான் துண்டை எடுத்துக்கொண்டு உன் தலையைத் துவட்ட வந்ததை, உன் தலைக்கு அருகே என் கையைப் பார்த்தபிறகுதான் உணர்ந்தேன். கை தானாகவே போயிருந்தது. நீ விலகி, "கொடும்மா, நானே தொடச்சிக்கறேன்" என்று துண்டை வாங்கிக்கொண்டாய். மரியாதையாகத்தான் சொன்னாய். நீ இன்றுவரை என்னிடம் மரியாதையாகத்தான் இருக்கிறாய்.

அம்சா பிரான்சிலிருந்து மாதம் ஒரு கடிதம் போடுவாள், உன் பெயருக்கு. நீ பிரிக்காமல் அலமாரியில் வைப்பாய். நான் எடுத்து அடுக்கி வைத்தேன். எல்லாம் இருக்கின்றன. இப்போது மாமாவுக்குக் கால் முடியாமல் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். போன வாரம் நீ வேலைக்குப் போனபிறகு, மஞ்சள் குங்குமத்தோடு போய்ப் பத்திரிகை வைத்தேன். மாமா நாற்காலியில் இருந்தபடியே சல்யூட் வைத்து, "முசியேவுக்குக் கல்யாணமாமே!" என்றார். அம்சா பத்திரிகையைக் கையில் வாங்காமல் தட்டோடு மேசைமேல் வைத்தாள். நான் விதவை, மணவறைக்கு அருகில் வரமாட்டேன், நீதான் அவன் பக்கத்தில் நின்று முடிச்சுப் போட வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

"நீங்க கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன் அண்ணி. எப்பவும் சொல்லியிருக்கேன். அதனால நீங்க கேக்காதீங்க. அவன் வந்து கேக்கட்டும்."

"அவன் கேப்பான்னு தோணல."

"அப்ப விடுங்க. கேக்காத எடத்துல ஒருதரம் வாங்கிக்கினு, நான் பட்டது போதும்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் என் கை நடுங்கவில்லை, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். இவ்வளவையும் இப்படி எழுதுகிறாளே என்று கௌரிக்கு என்மேல் வெறுப்பு வரலாம். வந்தால் வரட்டும். ஆனால் அவளிடமும் உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாத காலம் யாருக்கும் வரலாம். எனக்கு வந்ததில் தப்பில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அதை யாரிடமும் சொல்லாமல், உன்னைத் தூக்கி வேறு வீட்டில் வைத்தது தப்பு. அம்சா கேட்டாளே, உடம்பு சரியில்லையா என்று. அந்த இடத்தில் நான், இல்லை, எனக்கு எதுவும் உறைக்கவில்லை, நீ கொஞ்ச நாள் எங்களோடு வந்து இரு என்று கேட்டிருக்கலாம். எனக்குக் கொடுக்கத் தெரிந்தது, கேட்கத் தெரியவில்லை. கொடுப்பவள் நின்றுகொண்டு கொடுக்கலாம். கேட்பதற்குக் கொஞ்சம் குனிய வேண்டும். என்னைப் படிக்கவைத்தவர்கள் முதுகு வளையாமல் உட்காரத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நீ என்னைப் பார்த்து வளர்ந்தவன். கௌரியிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட நீ கேட்காமல் நீயே எழுந்து போய் எடுத்துக்கொள்வாய் என்று பயமாக இருக்கிறது. அதை நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பாதே.

அம்சா அப்படிச் சொன்னபிறகுதான், நீ போக வேண்டும் என்று, அவள் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதினேன். அதில் நீ போட்ட கோட்டை நான் அழிக்கவில்லை. நீ போட்டது, நீதான் அழிக்க வேண்டும். அத்தை உன்னைக் கேட்டு வாங்கவில்லை, நான் கொடுத்தேன். அவள் உன்னைத் திருப்பித் தரவில்லை, நான் பிடுங்கினேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவள் வேண்டாம் என்றால் அது உன் முடிவு, நான் மறுபடி பேசமாட்டேன். வேண்டும் என்றால் நீயே போக வேண்டும். அவள் தானாக வந்து நிற்கமாட்டாள். இந்த முறை அவள் கையைப் பாரோ செய்யப் போவது நாம். சொல்லைச் சரியாகப் போடு.

பென்சிலுக்கு என்ன வார்த்தை என்று கேட்டாய். நான் இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் தமிழிலும் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. பேசாது என்று நான் சொன்னது மட்டும் தப்பு. அது பேசியது, எழுதியும் காட்டியது. நான்தான் அதன்மேல் கோடு போட்டேன்.

அந்த ரஃப் நோட்டின் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். சிவப்புக் கோட்டை ரப்பரால் அழிக்கப் பார்த்தேன். தாள் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் ஏழாவது வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டிருக்கிறேன். ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதியிருக்கிறேன்.

மதியம் மாமா தூங்குவார், அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டாதே. காலையில் போ. அம்சா அப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

அம்மா